வெந்நீரில் பத்து நிமிடம்

சோயா மீற் பக்கற்றை நிரோஷன்
இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தான்,
செத்த எலியின் வாலைப் பிடிப்பதுபோல.
"இனி எனக்கு இது வேணாம்மா.
ஆம்பிளைக்கு நெஞ்சு வைக்குமாம்."

பாண்டிருப்பு ஜிம்மில்
கண்ணாடிக்கு முன்னால் தன் புஜத்தையே
முத்தமிடுகிற ஒருவன் சொன்னானாம்.

அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.
எனக்குள்ளும்.
வயது நாற்பத்தொன்பது.
மாதம் வந்து ஒன்பது மாதம்; பிள்ளை ஏதுமில்லை.
இரவு இரண்டு மணிக்குக் கழுத்தடியில் ஒரு நெருப்பு
எழும்பிக் காதுவரை ஏறும்.
ஃபானை ஐந்தில் விட்டாலும்
தலையணை உறையைப் பிழியலாம்.

கல்முனை ஆஸ்பத்திரியில்
மருந்து கொடுக்கும் யன்னலுக்குப் பின்னால்
பதினேழு வருஷமாய் நிற்கிறேன்.
மருதமுனை மசாஹிராவுக்குத் தைரொக்சின் எண்ணிப் போடுகையில்
ஒவ்வொரு மாதமும் சொல்வேன்:
"விடிய வெறும் வயித்துல போடுங்க.
சோயாவெல்லாம் நாலு மணித்தியாலம் கழிச்சி."
"அப்ப அது நஞ்சா புள்ள?"
"இல்லகா. குடலுக்குள்ள குளிசையை மறிச்சிரும்.
ரெண்டையும் ஒண்டா அனுப்பாதீங்க, அவ்வளவுதான்."
அவள் தலையாட்டிப் போய்விடுவாள்.

பெற்ற பிள்ளை தலையாட்டமாட்டான்.
ஐசோஃபிளேவோன் என்றால்
ஏதோ இங்கிலீசுப் பேய் என்று நினைக்கிறான்.
மட்டக்களப்பு பஸ்ஸை நினைச்சிக்கொள் மனே, என்றேன்.
யன்னலால் லேஞ்சி போட்டுப் பிடித்த சீற்.
அதில் இருக்கவேண்டியவள் ஈஸ்ட்ரோஜன்.
அவள் சாயலில் ஒருத்தி, மெலிந்தவள்,
விளிம்பில் வந்து குந்துவாள்.
சில நேரம் சீற்றை மறித்துக்கொண்டிருப்பாள்,
சில நேரம் அவள் வேலையில் கொஞ்சம் பார்ப்பாள்.
பெல் அடித்து பஸ்ஸை நிறுத்துகிற கைப்பலம் இல்லை.
லீற்றர் லீற்றராய்ச் சோயாப்பால் குடித்த
எவனோ ஒருத்தனுக்கு நெஞ்சு வீங்கியது உண்மை;
விட்டதும் வற்றியதும் உண்மை.
நீ தின்னுறது கிழமைக்கு ரெண்டு கோப்பை கறி.
உன்ட பஸ் கொழும்புக்குத் திரும்பாது.

"உங்களுக்கு எல்லாம் தெரியும்," என்று
முட்டை நாலை எடுத்துக்கொண்டு போனான்.

ஒன்றை நான் அவனுக்குச் சொல்லவில்லை.
கடல் வந்த வருஷம் அவனுக்கு ஒரு வயதும் நாலு மாதமும்.
பெரியநீலாவணை வீட்டில் மிஞ்சியது கிணற்றுக்கட்டு.
முகாமில் மிட்வைஃப் தந்த திரிபோஷாவைச்
சீனி போட்டு உருட்டி ஊட்டினேன்.
சோளமும் சோயாவும். அதையே நானும் தின்றேன்,
என்னிலிருந்து அவன் குடித்தான்.
மத்தியானம் சோயா மீற், இரவுக்குப் பருப்பு,
அடுத்த நாள் அதுவே தலைகீழாய்.
இப்போது வாசல் நிலையை முட்டுகிற அந்தத் தோளுக்கு
முதல் எலும்பு எதில் விளைந்ததென்று
கண்ணாடிக்குத் தெரியுமா?

எனக்கும் எல்லாம் தெரியாதுதான்.
டொக்டர் சொன்னா: சிலருக்கு வெக்கையைக் கொஞ்சம் தணிக்கும்,
சிலருக்கு ஒன்றும் செய்யாது.
குடலில் ஒருவகைக் கிருமி குடியிருந்தால்
அது சோயாவை வேறொன்றாய் மாற்றுமாம்.
என்னிடம் அந்தக் குடித்தனம் இருக்கிறதா,
வாடகை கேட்டுப் பார்க்கவா முடியும்?
ஆறு கிழமை தின்று பார்க்கிறேன்.
கலண்டரில் நெருப்பு வந்த இரவுக்கெல்லாம் புள்ளி.
போன கிழமை ஆறு. இந்தக் கிழமை நாலு.
சோயாவா, வாடைக்காற்று தொடங்கினதா,
யார் கண்டது.

நேற்று இரண்டு மணிக்குக் குசினியில் நின்றேன்,
சட்டைக்குள் ஆறு ஓட.
போன் வெளிச்சத்தோடு நிரோஷன் வந்தான்.
பிரிட்ஜைத் திறந்து, தண்ணீர்ப் போத்தலை எடுத்து
என் பிடரியில் வைத்தான்.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு கலண்டரைப் பார்த்தபடி,
"இது அஞ்சாவதாம்மா?"